ஃபோனுக்கும் ஒரு சேஃப்டி டோர்

வாசகி கேள்வி:

மும்பை முலுண்டில் இருபத்தாறு வருடமாக இருக்கிறோம். எனக்கு 54 வயது. பள்ளியில் கணக்கு டீச்சராக இருந்து விருப்ப ஓய்வு பெற்றவள். சென்ற மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, குக்கர் அடுப்பில் இருக்கும்போது ஒரு ஃபோன். “அக்கா, நம்ம தமிழ்ச் சங்கத்துப் பொங்கல் விழாக் குழுவுல இருந்து பேசுதேன்” என்றான். அச்சு அசல் எங்கள் திருநெல்வேலிப் பேச்சு. போன வருடம் நான் கோலப் போட்டிக்கு நடுவராக இருந்தது அவனுக்குத் தெரிந்திருந்தது. இந்த வருடம் நடுவர்களுக்குத் தனி வாட்ஸ்அப் குழு தொடங்குகிறோம், உங்களுக்கு ஒரு ஆறு இலக்க நம்பர் வரும், அதைச் சொன்னால் சேர்த்துவிடுவேன், பத்து நிமிடத்தில் பட்டியலை மூடப் போகிறோம் என்றான். சொன்னேன். அடுத்த நிமிடமே என் வாட்ஸ்அப் போய்விட்டது. என் பெயரில் எல்லாருக்கும் “ஆஸ்பத்திரியில் இருக்கிறேன், அவசரம், பணம் அனுப்ப முடியுமா” என்று செய்தி போனது. பாளையங்கோட்டையில் இருக்கும் என் சித்தப்பா 25,000 ரூபாய் அனுப்பிவிட்டார். எங்கள் தளத்திலேயே இருக்கும் மராத்திக்காரத் தோழி 15,000. பன்னிரண்டு நாள் ஆகிறது. தங்கை மகன் வந்து வாட்ஸ்அப்பை மீட்டுக் கொடுத்துவிட்டான். ஆனால் “படித்தவள்தானே நீ?” என்று கணவர் கேட்பது நிற்கவில்லை. நான் வெளியே போகவே கூசுகிறேன். சித்தப்பாவுக்கு ஃபோன் செய்யத் தைரியம் வரவில்லை. பகலில் வீட்டில் தனியாக இருக்கும் 78 வயது மாமியாரிடமிருந்து ஃபோனை வாங்கி வைத்துவிடலாம் என்கிறார் கணவர். நான் எப்படி ஏமாந்தேன்? இனி என்ன செய்வது?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தில் முதலில் என் கண்ணில் பட்டது அந்தக் குக்கர். அதற்கு அப்புறம் வருகிறேன். சில வேலைகளை இன்றைக்கே செய்ய வேண்டியிருக்கிறது, அவற்றை முதலில் சொல்லிவிடுகிறேன்.

வாட்ஸ்அப் திரும்பக் கிடைத்துவிட்டது என்று எழுதியிருக்கிறீர்கள். நல்லது. உங்கள் எண்ணுக்கு வந்த புதிய ஆறு இலக்க எண்ணை உங்கள் ஃபோனில் போட்ட அந்த நொடியே அவன் வெளியே தள்ளப்பட்டுவிட்டான். இருந்தாலும் வாட்ஸ்அப்பின் மூன்று புள்ளி மெனுவிலோ செட்டிங்ஸிலோ ‘லிங்க்டு டிவைசஸ்’ என்ற இடத்தைத் திறந்து பாருங்கள். உங்களுக்குத் தெரியாத கணினியோ உலாவியோ அங்கே இருந்தால் நீக்கிவிடுங்கள். பிறகு செட்டிங்ஸில் ‘அக்கவுண்ட்’ என்ற பகுதிக்குள் ‘டூ ஸ்டெப் வெரிஃபிகேஷன்’ என்று இருக்கும். அதில் நீங்களே ஒரு ஆறு இலக்கப் பின்னை வைத்து, மின்னஞ்சல் முகவரியையும் கொடுங்கள். இனி யாராவது எஸ்எம்எஸ்ஸில் வரும் எண்ணை உங்களிடமிருந்து கறந்தாலும், இந்தப் பின் இல்லாமல் உள்ளே வர முடியாது. உங்கள் கணவரின் ஃபோனிலும் மாமியார் ஃபோனிலும் இதைச் செய்துவிடுங்கள். மூன்று ஃபோனுக்கும் சேர்த்துக் கால் மணி நேரம் ஆகும்.

நீங்கள் எழுதவில்லை, ஆனாலும் மனதில் இந்தப் பயம் இருக்கும் என்று நினைக்கிறேன்: என் பழைய செய்திகளையெல்லாம் அவன் படித்திருப்பானோ? இந்த முறையில் கணக்கைப் பறித்தவனுக்குப் பழைய உரையாடல்கள் கிடைக்காது. அவை உங்கள் ஃபோனில்தான் இருக்கின்றன. நீங்கள் எந்தெந்தக் குழுக்களில் இருக்கிறீர்கள், அவற்றில் யார் யார் இருக்கிறார்கள் என்பதெல்லாம் அவனுக்குத் தெரிந்திருக்கும். மகளோடு பேசியது, டாக்டருக்கு அனுப்பிய ரிப்போர்ட் எதுவும் போகவில்லை. அந்தக் கவலையை விட்டுவிடுங்கள்.

அடுத்தது பணம். சித்தப்பாவும் தோழியும் 1930 என்ற சைபர் மோசடி உதவி எண்ணில் புகார் கொடுத்தார்களா? இல்லையென்றால் இன்றே கொடுக்கச் சொல்லுங்கள். சைபர்கிரைம் டாட் கவ் டாட் இன் என்ற அரசுத் தளத்திலும் பதியலாம். பணத்தை அனுப்பியவர்கள் அவர்கள் என்பதால் அவரவர் பெயரில்தான் புகார் போக வேண்டும். உங்கள் கணக்கு பறிபோனதற்கு நீங்கள் தனியாக ஒரு புகார் கொடுங்கள். கணினி வழியாக இன்னொருவர் போல நடித்து ஏமாற்றுவது தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66டி பிரிவின் கீழ் மூன்று ஆண்டு வரை சிறை கிடைக்கக்கூடிய குற்றம். மும்பை காவல்துறைக்கு மண்டல வாரியாக ஐந்து சைபர் காவல் நிலையங்கள் இருக்கின்றன. முலுண்ட் கிழக்கு மண்டலத்தில் வரும். உங்கள் பகுதிக் காவல் நிலையத்திலும் கொடுக்கலாம். சித்தப்பா இதற்காக மும்பை வர வேண்டியதில்லை. 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டப்படி, குற்றம் எந்த எல்லையில் நடந்திருந்தாலும் புகாரைப் பதிய வேண்டும். பாளையங்கோட்டையிலேயே கொடுக்கலாம்.

பன்னிரண்டு நாள் கழித்துப் பணம் கிடைக்குமா என்றால், பொய்யான நம்பிக்கை கொடுக்க எனக்கு மனமில்லை. இந்தப் பணம் ஒரு கணக்கில் தங்காது. கமிஷனுக்காக யாரோ வாடகைக்கு விட்ட கணக்குகள் வழியாகக் கைமாறிக்கொண்டே போய், கடைசியில் ஏதோ ஒரு ஏடிஎம்மில் நோட்டாக வெளியே வந்துவிடும். முதல் ஒன்றிரண்டு மணி நேரத்தில் 1930க்குச் சொன்னால், அந்தச் சங்கிலியில் எங்காவது ஒரு வங்கி அதைப் பிடித்து நிறுத்த வாய்ப்பு அதிகம். உங்கள் விஷயத்தில் வாய்ப்பு குறைவு. இன்னொன்றும் சொல்ல வேண்டும். வாடிக்கையாளரின் பொறுப்பு எவ்வளவு என்று ரிசர்வ் வங்கி 2017 ஜூலையில் போட்ட விதி, அவருக்குத் தெரியாமல் நடந்த பரிவர்த்தனைகளுக்குத்தான் உதவும். அவர்கள் இருவரும் தங்கள் கையாலேயே அனுப்பியதால் அதைக் காட்டிக் கேட்பது கடினம். அப்படியிருந்தும் புகார் அவசியம் என்கிறேன். பணம் போய்ச் சேர்ந்த கணக்கு அந்தப் புகாரில்தான் அடையாளமாகிறது. அதே கணக்கைப் பற்றி வேறு நாலு பேர் புகார் கொடுத்திருக்கலாம்.

சரி, இப்போது குக்கருக்கு வருவோம்.

“நான் எப்படி ஏமாந்தேன்” என்று கேட்டிருக்கிறீர்கள். ஒரு வங்கியின் மோசடித் தடுப்புப் பிரிவில் பதினான்கு வருடமாக இருக்கிறேன். டாக்டர், ஆடிட்டர், வங்கி மேனேஜராகவே ஓய்வு பெற்றவர் என்று எத்தனையோ பேர் என் எதிரே உட்கார்ந்து இதே கேள்வியைக் கேட்டிருக்கிறார்கள். எல்லாரும் தங்கள் புத்தியில் ஏதோ ஓட்டை இருக்கிறது என்று நம்பி வருகிறார்கள். நடந்ததைக் கேட்டுப் பார்த்தால், அந்த நேரத்தில் அவர்கள் மனதின் பாதி வேறு எங்கோ இருந்திருக்கும். உங்களுக்குக் குக்கர். இரண்டாவது விசில் வந்துவிட்டதா, அடுப்பைச் சிறியதாக்க வேண்டுமா என்ற நினைப்பு. காலை பதினொரு மணி என்பது வீட்டில் இருக்கும் பெண்களை அழைக்க வசதியான நேரம். ஆண்கள் வேலைக்குப் போயிருப்பார்கள், கேட்டுச் சொல்லப் பக்கத்தில் ஆள் இருக்காது, கையில் ஒரு வேலை இருக்கும்.

எனக்கே நடந்திருக்கிறது. சில வருடங்களுக்கு முன் என் அம்மா மருத்துவமனையில் இருந்தார். வார்டு வராந்தாவில் நின்றுகொண்டிருந்தபோது, “உங்கள் மருத்துவக் காப்பீட்டுக் கோரிக்கை நிராகரிக்கப்பட்டது” என்று அலுவலக மின்னஞ்சலுக்கு ஒரு செய்தி. யோசிக்கவில்லை. அதிலிருந்த இணைப்பைத் தொட்டு, கடவுச்சொல்லைப் போட்டுவிட்டேன். ஊழியர்கள் ஏமாறுகிறார்களா என்று பார்க்க எங்கள் பிரிவே அனுப்பிய பயிற்சி மின்னஞ்சல் அது. அந்த மாதம் பயிற்சி நடக்கப் போகிறது என்பதும் எனக்கு முன்பே தெரியும். தெரிந்தும் விழுந்தேன். அன்றிலிருந்து, விவரம் தெரிந்தவர்கள் தப்பித்துக்கொள்வார்கள் என்று நான் யாரிடமும் சொல்வதில்லை. கணவரிடம் இதைச் சொல்லுங்கள். படிப்புக்கும் இதற்கும் சம்பந்தம் மிகக் குறைவு.

அவன் பேசியதைக் கொஞ்சம் பிரித்துப் பாருங்கள். நீங்கள் கணக்கு டீச்சர், படிப்படியாக எழுதிப் பார்த்தால் உங்களுக்குப் பிடிபட்டுவிடும். முதல் வார்த்தை “அக்கா”. அடுத்தது “நம்ம” சங்கம். மூன்றாவதாக உங்களைப் பற்றிய ஓர் உண்மை: போன வருடம் நடுவராக இருந்தீர்கள். அது உண்மை என்பதால் நீங்கள் “ஆமாம்” என்றிருப்பீர்கள். அதற்குப் பின் விழா தேதி, இடம் என்று இன்னும் இரண்டு மூன்று ஆமாம்கள் வந்திருக்கும். உண்மையான நாலு விஷயங்களுக்குத் தலையாட்டியவர் ஐந்தாவதிலும் அதே வேகத்தில் தலையாட்டிவிடுவார். அதன் பிறகு பெருமை: நடுவர்களுக்கென்றே தனிக் குழு. கடைசியாகப் பத்து நிமிடக் கெடு.

எஸ்எம்எஸ்ஸில் “யாரிடமும் பகிராதீர்கள்” என்று ஆங்கிலத்தில் தெளிவாக எழுதித்தான் இருக்கும். ஆனால் காதில் ஒருவன் “வந்துட்டா அக்கா? வந்துட்டா?” என்று கேட்டுக்கொண்டே இருக்கும்போது கண் அந்த வரியில் நிற்காது. அவன் கேட்ட ஆறு எண்களை மட்டும் தேடும். அவன் பேச்சை நிறுத்தாமல் இருந்ததே அதற்காகத்தான்.

இதில் என்னை அதிகம் வருத்தியது அவனுடைய தமிழ். இந்த ஊரில் தமிழ் நமக்கு என்னவாக இருக்கிறது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. லோக்கல் ரயிலில் நெரிசலுக்கு நடுவே யாராவது “தள்ளி நில்லுங்க” என்று சொன்னால் திரும்பிப் பார்க்கிறோம். மாட்டுங்காவில் வாழையிலையும் பூவும் வாங்கப் போய், பக்கத்தில் நிற்பவரிடம் எந்த ஊர் என்று கேட்டு, ஐந்து நிமிடத்தில் உறவுமுறை வரை போய்விடுகிறோம். தாராவியில் திருநெல்வேலிக்காரர்கள் வந்து குடியேறிய காலத்திலிருந்து இந்த நகரத்தில் நமக்கு வேலை வாங்கிக் கொடுத்ததும், வீடு பார்த்துக் கொடுத்ததும், ஆஸ்பத்திரிக்கு இரவில் துணைக்கு வந்ததும் இந்தப் பேச்சை வைத்துத்தான். பாஷை தெரியாத ஊரில் நம் பாஷை கேட்டால் உடம்பே தளர்ந்து கொடுக்கும். அந்தத் தளர்வை அவன் பயன்படுத்திக்கொண்டான். ஒருவேளை அவன் இந்தியில் பேசியிருந்தால், நீங்கள் இரண்டு கேள்வி கேட்டிருப்பீர்கள்.

அந்தக் குரலைப் பற்றி ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். வேலை வாங்கித் தருகிறோம் என்று அழைத்துப் போய், மியான்மர், கம்போடியா, லாவோஸ் போன்ற இடங்களில் வேலி போட்ட வளாகங்களுக்குள் அடைத்து, ஆன்லைன் மோசடியே வேலையாகச் செய்ய வைக்கிறார்கள். 2022இல் மியான்மரின் மியாவடியில் அப்படிச் சிக்கிய தமிழ் இளைஞர்கள் மீட்கப்பட்டுச் சென்னை வந்தார்கள். 2025 மார்ச்சில் இரண்டே நாளில் 549 இந்தியர்களை விமானப்படை விமானங்கள் தாய்லாந்து வழியாக அழைத்து வந்தன. உங்களை அழைத்தவன் அப்படி ஒருவனா, மும்பையிலேயே ஒரு அறையில் உட்கார்ந்திருப்பவனா என்று எனக்குத் தெரியாது. ஆனால் நம் ஊர்ப் பேச்சு இப்போது விலைக்குக் கிடைக்கிறது என்பது உண்மை. குரலைப் போலி செய்யும் மென்பொருள்களும் வந்துவிட்டன. வாட்ஸ்அப் படம், ஃபோனில் தெரியும் பெயர், குரல், வீடியோ, இவற்றில் எதுவும் ஆளுக்கு அத்தாட்சி ஆகாது.

அப்படியானால் எல்லாரையும் சந்தேகப்பட வேண்டுமா? அப்படி வாழ முடியாது, வாழவும் வேண்டாம். உங்கள் வீட்டு வாசலை நினைத்துப் பாருங்கள். மும்பை ஃபிளாட் என்றால் மரக் கதவுக்கு வெளியே கம்பி போட்ட சேஃப்டி டோர் இருக்கும். மணி அடித்தால் மரக் கதவைத் திறக்கிறோம், கம்பி வழியாக யாரென்று பார்க்கிறோம், பேசுகிறோம். தெரிந்தவர் என்றால் சேஃப்டி டோரைத் திறக்கிறோம். வந்தவர் அதைத் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை. ஃபோனில் அந்த இரண்டாவது கதவு இல்லை. எடுத்தவுடன் நேராகக் கூடத்துக்கே வந்துவிடுகிறார்கள். அந்தக் கதவை நாம்தான் போட்டுக்கொள்ள வேண்டும்.

அதற்கு வழி ஒன்றுதான். பணம், ஓடிபி, பின், ஆதார், ஏதாவது ஒரு ஆப்பை இறக்கச் சொல்வது, திரையைப் பகிரச் சொல்வது, இவற்றில் எது பேச்சில் வந்தாலும், “நானே திருப்பிக் கூப்பிடுகிறேன்” என்று சொல்லி வைத்துவிடுங்கள். பிறகு நீங்களாகத் தேடி எடுத்த எண்ணில் அழையுங்கள். அவன் கொடுத்த எண் வேண்டாம். வங்கி என்றால் கார்டின் பின்பக்கம் அல்லது பாஸ்புக்கில் இருக்கும் எண். சங்கம் என்றால் செயலாளரின் எண் உங்களிடமே இருக்கும். உறவினர் என்றால் பல வருடமாக நீங்கள் வைத்திருக்கும் எண். கூகுளில் கஸ்டமர் கேர் என்று தேடி முதலில் வரும் எண்ணை எடுக்காதீர்கள், அங்கேயும் போலி எண்களைப் போட்டு வைக்கிறார்கள். அன்று நீங்கள் செயலாளருக்கு ஒரு ஃபோன் செய்திருந்தால் விஷயம் முப்பது விநாடியில் முடிந்திருக்கும். குறை சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. எவ்வளவு கெட்டிக்காரத்தனமான நாடகமும் இந்த ஒரு வேலையின் முன்னால் நிற்காது என்பதால் சொல்கிறேன்.

கெடு வைப்பவர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. உண்மையான சங்கம் நாளைக்கும் உங்களைச் சேர்த்துக்கொள்ளும். உண்மையான வங்கி நீங்கள் திருப்பி அழைப்பதற்குள் ஓடிவிடாது. “ஃபோனை வைக்காதீங்க” என்று ஒருவர் சொன்னால், வைப்பதற்கு அதைவிட நல்ல காரணம் வேண்டாம். “வீட்ல யார்கிட்டயும் சொல்லாதீங்க” என்று சொன்னால் உடனே இரண்டு பேரிடம் சொல்லுங்கள்.

இப்போது மாமியார் விஷயம். ஃபோனை வாங்கி வைக்க வேண்டாம். பகல் முழுவதும் தனியாக இருக்கும் 78 வயதுப் பெண்ணுக்கு அந்த ஃபோன்தான் ஊர், அக்கா தங்கைகள், கோயில் குழு, பேரன் முகம், எல்லாம். அதைப் பிடுங்கினால் லேண்ட்லைனுக்கோ வாசலுக்கோ வரும் பொய்க்கு இன்னும் எளிதாக இரையாவார்கள். தனிமைதான் இந்த ஆட்களுக்கு வேண்டியது. நான் பார்த்த பெரிய இழப்புகளில் பலவற்றில், பேச ஆளில்லாத ஒருவரிடம் மூன்று நாள் தொடர்ந்து பேசியது அந்தத் திருடன் மட்டும்தான்.

அவர்களுக்கு வரக்கூடியது அநேகமாக வேறு வகை. “உங்கள் பெயரில் வந்த பார்சலில் போதைப் பொருள் இருக்கிறது, உங்கள் ஆதார் பணமோசடி வழக்கில் வந்திருக்கிறது, வீடியோ காலிலேயே இருங்கள், நீங்கள் டிஜிட்டல் அரெஸ்டில் இருக்கிறீர்கள்” என்று போலீஸ் உடையில் ஒருவன் பேசுவான். அப்படி ஒரு கைது இந்தியச் சட்டத்தில் எங்கும் கிடையாது. 2024 அக்டோபர் 27 அன்று பிரதமரே வானொலி உரையில் இதைச் சொன்னார். விசாரணைக்கு வரச் சொல்லும் நோட்டீஸைக்கூடக் காவல்துறை வாட்ஸ்அப்பில் அனுப்பக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2025 ஜனவரியில் சொல்லியிருக்கிறது. விசேஷக் காரணமும் மாஜிஸ்திரேட் அனுமதியும் இல்லாமல் சூரியன் மறைந்த பின் ஒரு பெண்ணைக் கைது செய்ய முடியாது. கைதில் இருந்து தப்பிக்கப் பணத்தை ‘சரிபார்ப்புக்காக’ ஒரு கணக்குக்கு மாற்றச் சொல்லும் போலீஸும் இந்த நாட்டில் இல்லை. இதையெல்லாம் மாமியாருக்கு எச்சரிக்கையாகச் சொல்லாமல், அவர்களுடைய உரிமையாகச் சொல்லுங்கள். “உங்களை யாரும் அப்படிச் செய்ய முடியாது அத்தை” என்று சொல்வது வேறு. “ஜாக்கிரதையா இருங்க, ஏமாத்திடுவாங்க” என்று பயமுறுத்துவது வேறு. பயந்திருப்பவரை மேலும் பயமுறுத்துவது சுலபம்.

பணம் வாங்க யுபிஐ பின் போட வேண்டியதே இல்லை, யாராவது பின் போடச் சொன்னால் பணம் வெளியே போகிறது என்று அர்த்தம். இந்த ஒரு வரியைப் பெரிய எழுத்தில் எழுதி அவர்கள் ஃபோன் உறைக்குள் வையுங்கள். பக்கத்திலேயே 1930, உங்கள் எண், கணவர் எண். வங்கிகள் கணக்கு, பரிவர்த்தனை விஷயமாக வாடிக்கையாளரை அழைக்க 1600 என்று தொடங்கும் எண்களைப் பயன்படுத்த வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2025இல் சொல்லியிருக்கிறது. சாதாரணப் பத்து இலக்க மொபைல் எண்ணிலிருந்து “பேங்க்” வந்தால் எடுத்துப் பேசவே வேண்டாம் என்று சொல்லிவிடலாம்.

ஆனால் அவர்கள் தலைமுறைக்கு உண்மையான கஷ்டம் வேறு இடத்தில் இருக்கிறது. எதிரில் ஒருவர் பேசிக்கொண்டிருக்கும்போது ஃபோனை வைப்பது அவர்களுக்கு மரியாதைக் குறைவு. வந்தவரை வாசலில் நிறுத்தாதே என்று வளர்ந்தவர்கள். திருடன் என்று பாதி தெரிந்த பிறகும் “இருங்க தம்பி, நான் சொல்லுதேன்” என்று பதில் சொல்லிக்கொண்டிருப்பார்கள். அதனால் அவர்களுக்கு ஒரு வாக்கியம் கொடுங்கள்: “எதுவா இருந்தாலும் என் பையன்கிட்டே கேட்டுச் சொல்றேன்.” சொல்லிவிட்டு வைத்துவிட வேண்டும். இதை வாயால் சொல்லிக் கொடுத்தால் போதாது, நடித்துப் பழக வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை நீங்கள் சமையலறையிலிருந்து அவர்களுக்கு ஃபோன் செய்து, கூரியர்காரன் போலவோ போலீஸ் போலவோ பேசுங்கள். அவர்கள் அந்த வாக்கியத்தைச் சொல்லி வைக்கட்டும். மறுபடி செய்யுங்கள். மூன்று நாலு தடவை வைத்துப் பழகிய கைதான், நிஜத்தில் வரும்போது வைக்கும். கணவரும் இந்தப் பயிற்சியில் இருக்கட்டும். அவருக்கு அலுவலக மேலதிகாரி பெயரில் “மீட்டிங்கில் இருக்கிறேன், உடனே இதைச் செய்” என்று செய்தி வரும் நாளும் இருக்கிறது.

அப்படியே குடும்பத்துக்குள் ஒரு ரகசியச் சொல்லும் வைத்துக்கொள்ளுங்கள். குலதெய்வம் பெயர், வீட்டு நாயின் பெயர் வேண்டாம், அவை உங்கள் படங்களிலேயே இருக்கும். பாட்டி வீட்டில் மட்டும் சொல்லும் ஏதாவது ஒரு பழைய வார்த்தை போதும். அவசரம், பணம் அனுப்பு என்று யார் கேட்டாலும் முதலில் அந்தச் சொல். அதை எழுத வேண்டாம், வாட்ஸ்அப்பிலும் அனுப்ப வேண்டாம். நேரில் சொல்லுங்கள்.

சித்தப்பா. இதைத்தான் கடைசி வரை தள்ளிப்போட்டுக்கொண்டே எழுதிவந்தேன், நீங்களும் அதைத்தான் தள்ளிப்போட்டுக்கொண்டிருக்கிறீர்கள் என்று தோன்றுகிறது. நீங்கள் ஆஸ்பத்திரியில் இருப்பதாகச் செய்தி வந்ததும், ஒரு கேள்வி கேட்காமல் 25,000 ரூபாயை அனுப்பிய மனிதர் அவர். அந்தப் பணத்தோடு அவர் அனுப்பியது என்ன என்று யோசித்துப் பாருங்கள். பன்னிரண்டு நாளாக உங்களிடமிருந்து ஃபோன் இல்லை என்றால் அவர் பணத்தைவிட அதைத்தான் நினைத்துக்கொண்டிருப்பார். குறுஞ்செய்தி அனுப்பாதீர்கள். உங்கள் பெயரில் வந்த எழுத்தை நம்பித்தான் அவர் இழந்தார், குரல்தான் இப்போது மருந்து. நடந்ததை மறைக்காமல், குக்கரிலிருந்து தொடங்கிச் சொல்லுங்கள். தோழியிடம் கதவைத் தட்டி நேரில் சொல்லுங்கள்.

திருப்பிக் கொடுக்க வேண்டுமா? சட்டம் உங்களைக் கேட்காது, நீங்களும் ஏமாற்றப்பட்டவர். மனம் கேட்டால், முடிந்தால், கொடுங்கள். பென்ஷனில் வாழ்பவருக்கு 25,000 பெரிய தொகை. ஆனால் அதை உங்களுக்கு நீங்களே போட்டுக்கொள்ளும் அபராதமாகக் கொடுக்காதீர்கள். நானாக இருந்தால், பாதியை நான் ஏற்றுக்கொள்கிறேன் சித்தப்பா என்று கேட்டுப் பார்த்திருப்பேன். அவர் வேண்டாம் என்று சொன்னால் அதையும் மதித்திருப்பேன். குற்றம் செய்தவன் வெளியே இருக்கும்போது, ஏமாந்தவர்கள் ஒருவரையொருவர் பார்க்கக் கூசுவதுதான் எனக்குத் தாங்கவில்லை. இந்த வெட்கத்தால்தான் பாதிப் பேர் புகாரே கொடுப்பதில்லை. கொடுப்பவர்களும் தாமதமாகக் கொடுக்கிறார்கள். முதல் இரண்டு மணி நேரத்தை விழுங்குவது பெரும்பாலும் இதுதான்.

இன்னொரு வேலையும் உங்களால் ஆகும். நீங்கள் நடுவராக இருந்தது அவனுக்கு எப்படித் தெரிந்தது என்று யோசித்தீர்களா? நம் சங்கங்கள் போடும் விழா அழைப்பிதழ்களில் நடுவர், பொறுப்பாளர் பெயரெல்லாம் ஃபோன் எண்ணோடு அச்சாகிறது. உறுப்பினர் பட்டியல் பெயர், சொந்த ஊர், எண் எல்லாம் போட்டுப் பிடிஎஃப்பாகக் குழுக்களில் சுற்றுகிறது. விழாப் படங்கள் ஃபேஸ்புக்கில் பெயர் குறித்துப் போடப்படுகின்றன. கண்ணியத்தோடு செய்த வேலைதான், நம்மவர்கள் ஒருவரையொருவர் தேடிக்கொள்ளட்டும் என்று. இனி அழைப்பிதழில் சங்கத்துக்கென ஒரே ஒரு எண் போதும். பட்டியலைக் கேட்பவருக்கு மட்டும், தெரிந்த ஆள் என்று பார்த்துக் கொடுக்கலாம். குழுவில் யார் வேண்டுமானாலும் யாரையும் சேர்க்கலாம் என்ற அமைப்பை மாற்றலாம்.

சங்கச் செயலாளரைப் பார்த்துப் பேசுங்கள். அந்த ஆள் அழைத்த எண்ணை அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில், சந்தேகமான அழைப்புகளைத் தெரிவிப்பதற்கான ‘சக்ஷு’ பகுதியில் பதிவு செய்யுங்கள். அவன் பேசிய வார்த்தைகளை, “பேசுதேன்” என்பது உட்பட, நினைவிருக்கும் வரை அப்படியே ஒரு தாளில் எழுதிச் செயலாளரிடம் கொடுங்கள், அவர் அதை உறுப்பினர்கள் எல்லாருக்கும் அனுப்பட்டும். போன வருடக் கோலப் போட்டிக்கு உங்களோடு இன்னும் இரண்டு நடுவர்கள் இருந்திருப்பார்கள். முதலில் அவர்கள் இருவரையும் அழைத்துக் கேளுங்கள்.